எத்தனை தலைமுறைக்குத் தந்தை, தாய்?

பத்துக் கட்டளைகளுள் முதல் மூன்றும் இறைவனுக்கு உரியவை. எஞ்சிய ஏழும் மனிதன் மனிதனுக்கு ஆற்ற வேண்டிய கடன்களைக் கூறுபவை. அந்த ஏழின் தலைவாயிலில் நிற்பது நான்காம் கட்டளை. தந்தையையும் தாயையும் மதித்து நடக்குமாறு பணிக்கும் அக்கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் நாம் எளிதாகக் கற்பித்துவிடுகிறோம். சிறுவர்களும் எளிதாக ஒப்புவித்துவிடுகிறார்கள். ஆயின், அக்கட்டளையின் எல்லை எதுவரை என்று யாரேனும் வினவினால் விடை கூறுவது அத்துணை எளிதன்று. தந்தை என்னும் சொல்லுள் தந்தையின் தந்தை அடங்குவாரா? அவருக்கும் தந்தையானவர்? கண்ணால் கண்டிராத, பெயரும் அறியாத முன்னோருக்கு நாம் எதுவும் கடன்பட்டிருக்கிறோமா? அவ்வாறு கடன்பட்டிருப்பின், பிறருடைய முன்னோர் துயிலும் இடங்களைக் காணச் செல்லும்போது நாம் யாராக அங்கே நிற்கிறோம்?

இவ்வினா ஏட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. நமது பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். அகவை எழுபத்தைந்தைக் கடந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் வாழ்கிறார். ஓராண்டு விடுமுறையில் அம்மகன் பெற்றோரையும் மனைவி மக்களையும் ஒருங்கே அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் பெரு நாட்டிற்குச் சென்றார். மூன்று தலைமுறையினர் சேர்ந்து சென்ற அப்பயணத்தில், இன்கா மக்களின் பழைய தலைநகரான குஸ்கோவையும், ஆண்டீஸ் மலைமுகட்டில் கைவிடப்பட்டுக் கிடக்கும் மாச்சு பிச்சுவையும் கண்டனர். குஸ்கோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. நமது ஏற்காட்டைப்போல் இரு மடங்கிற்கும் மேல். பாட்டியாருக்கு அங்கே மூச்சு முட்டிவிட்டது. இரண்டு நாள் விடுதிக் கட்டிலில் படுத்து, அவ்வூரார் தரும் கோக்கா இலைத் தேநீரைப் பருகிக் காலம் கழித்தாராம். அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்வான மாச்சு பிச்சுவை அடைந்த பின்னரே அவருக்கு மூச்சு சீரானது.

ஊர் திரும்பிய பெரியவர் நிழற்படங்களைக் காட்டினார். சுண்ணம் சேர்க்காமல் கல்லோடு கல் பொருத்திய சுவர்கள், படிப்படியாக மலையை வெட்டி அமைத்த வயல்கள், கீழே ஆழத்தில் வளைந்தோடும் ஆறு. காட்டி முடித்தவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்: “சாமி, யார் பெத்த பிள்ளைகளோ வாழ்ந்து செத்த ஊரைப் பார்க்க இத்தனை லட்சம் செலவு செஞ்சு போனோம். எங்க தாத்தாவை மாரமங்கலம் பக்கம் காப்பித் தோட்டத்துல பொதைச்சதாச் சொல்வாங்க. இங்கேயிருந்து அரை நாள் வழிகூட இல்லை. அந்த இடத்தை நானே பார்த்ததில்லை. இது பாவங்களா?”

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் கேட்டிராத வினா அது. நிழற்படங்களின் நடுவே, காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்பட்டது.

விடை தேடும்முன், அவர் கண்டுவந்த அந்த நாட்டையே சற்று நோக்குவோம். முன்னோரை மதித்தல் என்பதற்கு இன்கா மக்கள் அளவு உலகில் பொருள் கண்டவர் சிலரே. இறந்த தம் அரசர்களின் உடல்களை அவர்கள் பதப்படுத்திப் பேணினர். திருவிழா நாள்களில் அவ்வுடல்களை வெளியே கொணர்ந்து, குஸ்கோவின் பெருவெளியில் முதுமை வரிசைப்படி அமர்த்தி, மக்காச்சோளத்தில் காய்ச்சிய பானத்தைப் படைத்தனர். உயிரோடிருக்கும் பேரனுக்கு அருகே உயிரற்ற பாட்டன் அமர்ந்திருப்பான்! குடும்பம் என்பது அங்கே மூச்சுவிடுவோர் மட்டும் கொண்ட கூட்டமாக இருந்ததில்லை.

1559-இல் ஸ்பானிய அதிகாரியான போலோ தெ ஒந்தேகார்தோ அவ்வுடல்களுள் பலவற்றைத் தேடிக் கைப்பற்றினார். ஸ்பானியத் தந்தைக்கும் இன்கா அரசகுலத் தாய்க்கும் பிறந்த கார்சிலாசோ என்னும் இளைஞர், 1560-இல் தாய்நாட்டை விட்டு ஸ்பெயினுக்குக் கப்பலேறும்முன் அந்த அதிகாரியின் இல்லத்தில் ஐந்து உடல்களைக் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அவற்றுள் ஒன்று வைனா காபாக் என்னும் மன்னருடையது. கார்சிலாசோவின் தாய்வழிப் பாட்டனுக்கு உடன்பிறந்தவர். அவருடைய விரலை இளைஞர் தொட்டுப் பார்த்தார். மரச்சிலையின் விரல்போல் விறைத்திருந்ததாம். அவ்வுடல்களை வெள்ளைத் துணியால் போர்த்தித் தெருவழியே சுமந்து சென்றபோது இன்கா மக்கள் மண்டியிட்டு அழுதனர் என்றும், ஸ்பானியருள்ளும் பலர் தொப்பியைக் கழற்றி நின்றனர் என்றும் அவரே குறிக்கிறார். பின்னர் லீமா நகருக்கு அனுப்பப்பட்ட அவ்வுடல்கள் காலப்போக்கில் காணாமற்போயின.

அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. சிலைவழிபாட்டை ஒழிக்கிறோம் என்று புறப்பட்ட மறைப்பணியாளர் மலைச்சிற்றூர்களில் குகைகளிலிருந்த முன்னோர் உடல்களைத் தேடியெடுத்துத் தீக்கிரையாக்கினர். அப்பணியில் ஈடுபட்ட அரியாகா என்னும் இயேசுசபைக் குரு 1621-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு. கோவில் கல்லறையில் அடக்கம் செய்த உற்றாரின் உடல்களை மக்கள் இரவில் தோண்டியெடுத்துத் தம் குகைகளுக்குக் கொண்டுசென்றுவிடுவராம். காரணம் கேட்டால், மண்ணின் பாரம் தாங்காமல் இறந்தோர் வருந்துகின்றனர், அவர்கள்மீது கொண்ட அன்பினால் இதைச் செய்கிறோம் என்பராம். இதனை மூடநம்பிக்கைக்குச் சான்றாகவே அவர் எழுதினார். நானூறு ஆண்டு கழித்துப் படிக்கும் நமக்கோ, அன்பு என்னும் அச்சொல்லைக் காதால் கேட்டும் அவர்கள் கை நடுங்கவில்லையே என்றுதான் தோன்றுகிறது. முன்னோரைக் கடவுளாக வணங்குவது வேறு. முன்னோரை நேசிப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் காண இயலாத ஆர்வம் திருச்சபைக்குப் பெருமை சேர்த்ததில்லை.

மாச்சு பிச்சுவின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. 1911 ஜூலை 24 அன்று ஹைரம் பிங்காம் என்னும் அமெரிக்கர் அதனைக் கண்டுபிடித்தார் என்று பள்ளி நூல்கள் கூறும். அன்று அங்கே உழவர் குடும்பங்கள் வாழ்ந்தன. பழைய படிவயல்களில் பயிரிட்டுக்கொண்டிருந்தன. இடிபாடுகளினூடே பிங்காமுக்கு வழிகாட்டியவன் அவ்வூர்ச் சிறுவன் ஒருவன். ஒரு சிறுவன் அன்றாடம் விளையாடித் திரிந்த இடத்தை “கண்டுபிடித்தார்” என்பது விந்தையான சொல்லாட்சியே. பின்னர் அங்குள்ள கல்லறைகளிலிருந்து எலும்புகள் அகழப்பட்டு, மண்கலங்களுடன் யேல் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1916-இல் வெளியான ஆய்வு அவ்வெலும்புகளுள் மிகப் பெரும்பாலானவை பெண்களுடையவை என்றது. உடனே கதிரவனுக்கு நேர்ந்துவிடப்பட்ட கன்னியரின் நகரம் என்றொரு கதை கிளம்பிற்று. பிற்காலத்தில் ஜான் வெரானோ என்னும் அறிஞர் மீண்டும் ஆராய்ந்தபோது, ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அவற்றுள் கலந்திருப்பது புலனாயிற்று. அதாவது, அங்கே வாழ்ந்து மாண்டவை குடும்பங்கள். ஏறத்தாழ நூறாண்டு அயலகத்தில் பெட்டிகளில் கிடந்த அவை 2011, 2012 ஆம் ஆண்டுகளில் பெரு நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பெரியவரின் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடிய அந்தக் கல்முற்றங்களில், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னும் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடியிருக்கிறார்கள்.

இனிப் பெரியவரின் வினாவிற்கு வருவோம். பாட்டனின் கல்லறையை அறியாதிருப்பது பாவமா?

புனித அகுஸ்தினார் இறந்தோரைப் பேணுதல் குறித்து நோலா ஆயர் பவுலினுவுக்கு ஒரு சிறுநூலே எழுதினார். சிறப்பாக அடக்கம் செய்தல் இறந்தோருக்கு உதவுவதைவிட உயிரோடிருப்போருக்கு ஆறுதல் தருவதே மிகுதி என்பதும், மன்றாட்டே இறந்தோருக்குப் பயன்படும் என்பதும் அதன் சாரம். இது அவருக்கு ஏட்டுக் கருத்தாக இருந்ததில்லை. அவருடைய அன்னை மோனிக்கா, ஆப்பிரிக்காவில் தம் கணவரின் அருகே தமக்கும் கல்லறை ஒன்றை ஏற்பாடு செய்து வைத்திருந்தவர். 387-இல் தாயகம் திரும்பும் வழியில் உரோமைக்கு அருகே ஓஸ்தியாவில் நோயுற்றபோது, உடலை எங்கு வேண்டுமாயினும் புதையுங்கள், பலிபீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மகனும் அவ்வாறே அன்னையை அங்கே அடக்கம் செய்துவிட்டுக் கடல் கடந்தார். அக்கல்லறைக் கல்லின் ஒரு துண்டு 1945-இல் கிடைத்தது. விளையாட்டுக் கம்பம் நடுவதற்காக ஓஸ்தியாவில் குழி தோண்டிய இரு சிறுவர்கள் அதனைக் கண்டெடுத்தனர். மோனிக்காவின் கல்லும் சிறுவர் கையில்தான் அகப்பட்டது!

ஆகவே பாவமில்லை என்று பெரியவருக்குக் கூறிவிட்டோம். ஆயின், பாவமில்லை என்பதனால் கடமை தீர்ந்துவிடுமா? தோபித்து தம் உயிருக்கே இடர் நேரும் என்றறிந்தும் உண்ணாமல் எழுந்து சென்று இறந்தோரைப் புதைத்தார். யோசேப்பின் எலும்புகளை மோசே எகிப்திலிருந்து சுமந்து வந்தார். நாற்பதாண்டுப் பாலைநிலப் பயணத்தில் அப்பேழையும் ஒரு பயணியாக உடன் வந்தது. திருவள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். அச்சொல்லுக்கு முன்னோர் என்று பொருள் கொள்வர். பெற்றோருக்குரிய பக்தியைப் புனித தோமா அக்குவினார் இரத்த உறவினர் அனைவருக்கும் நீட்டுகிறார். ஒரே பெற்றோரிடமிருந்து வந்தவர்கள் என்பது அவர் காட்டும் காரணம். இதனை இன்னும் பின்னோக்கி நீட்டினால் நாம் எங்குச் சென்று நிற்போம்? மாந்தர் எல்லாருக்கும் ஒரே முதற்பெற்றோர் என்று அறிக்கையிடும் நமக்கு, அயலான் பாட்டன் என்றொருவன் இருக்க இயலுமா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். முன்னோரைப் போற்றுதல் நம் நாட்டில் எளிதில் குலப்பெருமையாகத் திரிந்துவிடுகிறது. பத்துத் தலைமுறைப் பெயரை மனப்பாடமாகக் கூறும் குடும்பங்களை நாமும் அறிவோம். பெரும்பாலும் அவை நிலமும் பட்டயமும் கோவில் மரியாதையும் பெற்ற குடும்பங்களே. கூலிக்கு உழைத்து மடிந்தவனுக்குக் கல் நட்டவர் யார்? ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நம் முன்னோர் நடுகல் எடுத்தனர். சேலம், தருமபுரிப் பகுதிகளில் இன்றும் அவற்றைக் காணலாம். மாடு மேய்த்தே மாண்டவனுக்கு நடுகல் இல்லை. இல்லாத கல்லைப் பேரன் தேடிக் காணவில்லை என்றால் குறை பேரனுடையது மட்டுமா?

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அக்குடும்பம் முழுவதும் ஊருக்கு வந்தபோது, மாரமங்கலம் சென்று தேடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நம்மையும் அழைத்தனர், சென்றோம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேத்தி மும்முறை வாந்தி எடுத்தாள். ஏற்காட்டைக் கடந்து, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களினூடே வேன் சென்றது. காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும் காலம். மாரமங்கலத்தில் சாலை ஓரிடத்தில் நின்றுவிட, அதற்கப்பால் ஒற்றையடிப் பாதை. மகன் விரைந்து முன்னே நடந்தார். பாட்டியார் இருபதடிக்கு ஒருமுறை நின்றார். யாக்கோபு நம் நினைவிற்கு வந்தார். அண்ணன் ஏசா தன்னோடு சேர்ந்து விரைந்து வரும்படி அழைத்தபோது, குழந்தைகள் இளையவர்கள், கறவை ஆடுமாடுகள் உள்ளன, அவற்றின் நடைக்கேற்ப மெல்ல வருகிறேன் என்று விடை கூறியவர் அவர். தொடக்க நூலில் நமக்கு மிகவும் பிடித்த இடங்களுள் அது ஒன்று. குடும்பப் பயணத்திற்கு அதனினும் சிறந்த இலக்கணம் இல்லை. குஸ்கோவில் பாட்டியாரை விடுதியில் விட்டுச் சென்றவர்கள், இங்கே பாட்டியாரின் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனால்தான் வழியில் அந்த மலையாளி முதியவரைச் சந்திக்க நேர்ந்தது.

மலையாளி என்றவுடன் கேரளத்தாரை நினைத்துவிடலாகாது. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தார் மூன்று மலைகளில் குடியேறினர் என்பதும், மூத்தவர் வழியினரே சேர்வராயன் மலையினர் என்பதும் இவர்களிடையே வழங்கும் மரபு. ஆண்டுதோறும் மே மாதத்தில், மலையின் உச்சியில் குகையாக அமைந்துள்ள சேர்வராயன் கோவிலில் பாட்டன் முதல் கைக்குழந்தை வரை கூடுவர். மலைக்கு மேலே குடும்பமாகச் செல்வதை இவர்களுக்கு எந்தச் சுற்றுலா நிறுவனமும் கற்பிக்க வேண்டியதில்லை.

அம்முதியவர் நம் தேவையைக் கேட்டறிந்து, “வாங்க சாமி, கீழ்நாட்டு ஆளுங்களைப் பொதைச்ச எடம் எனக்குத் தெரியும்” என்று முன்னே நடந்தார். வழியில் ஒரு மரத்தடியில் சிறு பிள்ளையார். அருகே உள்ளங்கையளவில், ஒரு முனை கூர்மையாக வழவழவென்று தேய்ந்த கற்கள் சில. பேரன் குனிந்து ஒன்றை எடுக்கப் போனான். “எடுக்காத கண்ணு, அது பெரியவங்களுது” என்றார் முதியவர்.

அவை புதிய கற்காலத்துக் கைக்கோடரிகளாக இருத்தல் கூடும். இம்மலையில் அத்தகையவை ஏராளம் கிடைத்துள்ளன. உழும்போது கிடைப்பவற்றை மலைமக்கள் மரத்தடிகளிலும் சிறு கோவில்களிலும் சேர்த்துவைத்து வணங்கினர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டு இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில்தான் குடியேறினார். இம்மலைக் கற்களும் அவருடைய தொகுப்பில் உண்டு. 1904-இல் அத்தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவர் குடும்பமும் எண்ணத்தக்கது. மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர், 1882-இல் ஏற்காட்டில் காலமானார். மகன் ஹென்றி, தந்தையின் வழியில் கர்நூல் குகைகளை அகழ்ந்தார். ஃபூட்டின் நினைவுக்கல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலய வளாகத்தில் உள்ளது. மறைப்பிரிவால் அவர்கள் நம்மவர் அல்லர். ஆயினும் மலைக்கு வந்து மலையிலேயே தங்கிவிட்டவர்கள். அருங்காட்சியகப் பெட்டியிலுள்ள கல்லுக்கு எண்ணும் காலமும் உண்டு. மரத்தடிக் கல்லுக்கு அவை இல்லை. ஆனால் அதைத் தொடாதே என்று சொல்ல ஒரு பாட்டன் இருக்கிறார். இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டுமாயின், நாம் பாட்டனையே தேர்வோம்.

புதைத்த இடம் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு சரிவு. பெயரில்லாத முரட்டுக் கற்கள் தலைமாட்டுக்கு ஒன்றாக ஊன்றப்பட்டிருந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். சில சாய்ந்திருந்தன. முன்பணம் வாங்கிக் கங்காணியோடு மலையேறி, காய்ச்சலிலும் குளிரிலும் மடிந்தவர்கள். கிறிஸ்தவர் யார், இந்து யார் என்றும் கூற இயலாது. பெரியவர் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். அவருடைய பாட்டனின் கல் எது என்று காட்டுவார் எவருமில்லை. கொண்டுவந்தது ஒரு பொட்டலம் மெழுகுவர்த்தி. ஒரு கல்லுக்கென்று வாங்கியது.

பாட்டியார்தாம் பொட்டலத்தைப் பிரித்தார். “எதுன்னு தெரியலைன்னா எல்லாருக்கும் வைங்க” என்றார். மகனும் மருமகளும் குழந்தைகளும் கல்லுக்கு ஒன்றாக ஏற்றினர். காற்றில் சில அணைந்தன, மீண்டும் ஏற்றினர். மலையாளி முதியவரும் கைகூப்பி நின்றார். நாம் இறந்தோருக்கான செபத்தைச் சொன்னோம். எவருடைய பெயரையும் சொல்ல இயலாத செபம் அது.

இஸ்ரயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களை எடுத்துக் கரையில் நாட்டுமாறு யோசுவா பணித்தார். பின்னொரு நாள் பிள்ளைகள் இக்கற்கள் எதற்கு என்று கேட்பார்கள், அன்று அவர்களுக்கு விடை கூறுங்கள் என்பதே அவர் கூறிய காரணம். கல் தானாக எதையும் உரைப்பதில்லை. கேட்பதற்கு ஒரு பிள்ளையும் சொல்வதற்கு ஒரு முதியவரும் ஒரே நேரத்தில் அதன் முன் நிற்க வேண்டும். இளையோர் மட்டும் சென்றால் கல்லின் முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வர். முதியோர் மட்டும் சென்றால் பெருமூச்செறிந்து திரும்புவர். மாச்சு பிச்சுவில் பேரன் கேட்ட வினாக்களுக்குக் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி விடை கூறினார். நன்றாகவே கூறினார் என்று பெரியவர் சொன்னார். மாரமங்கலத்தில் பேரன் கேட்டதற்குப் பாட்டனால் பாதி விடையே கூற முடிந்தது. மீதியை, நமக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒருவர் கூறினார்.

திரும்பும் வழியில் வேனில் அமர்ந்து பேரன் தன் குறிப்பேட்டில் பாட்டன் சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதலானான். தந்தை, பாட்டன், பாட்டனின் தந்தை, மலையில் மாண்ட அவருடைய பாட்டன். ஆண்களின் பெயர்கள் தடையின்றி வந்தன. “அவங்க மனைவி பெயர் என்ன, தாத்தா?” என்று கேட்டான். பெரியவருக்குத் தெரியவில்லை. ஆயா என்றே வீட்டில் சொல்வார்கள் என்றார். கட்டளையோ தந்தையையும் தாயையும் சொல்கிறது.

சேலம் மறைமாவட்டம் 1930-இல் அமைவதற்கு முன் இப்பகுதி புதுவை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காலத்துப் பிரெஞ்சுக் குருக்கள் திருமுழுக்குப் பதிவேட்டை இலத்தீனில் எழுதினர். குழந்தையின் தந்தை பெயரோடு தாயின் பெயரையும் தவறாமல் குறித்தனர். மறுநாள் காலைத் திருப்பலிக்குப்பின் பேரனை அறைவீட்டிற்கு வரச்சொல்லி, பழைய பதிவேட்டை எடுத்து, பெரியவருடைய தந்தையின் திருமுழுக்குப் பக்கத்தைத் தேடினோம். செல்லரித்த தாள், மை பழுப்பேறியிருந்தது. ஒன்றரை மணி நேரத்திற்குப்பின் கிடைத்தது. தாயின் பெயர் இருந்தது. பேரன் அதனை முதலில் இலத்தீன் எழுத்திலும், நாம் சொல்லக் கேட்டுத் தமிழிலும் எழுதிக்கொண்டு பாட்டனிடம் காட்ட ஓடினான்.